ஒரே பெயர், ஒரே ஆண்டு, இரு புரொசசர்கள்: கணினி வாங்குவோர் அறிய வேண்டியவை

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழவுள்ள கப்பல்துறை, சீனக்குடா, தம்பலகாமம், கிண்ணியா, மூதூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்களுக்கு மேசைக் கணினி இன்று ஆடம்பரப் பொருளன்று. க.பொ.த. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் பயிலும் மாணவனுக்கும், சிறு அச்சகம் நடத்துபவருக்கும், கடைக் கணக்கு எழுதுபவருக்கும் அது தொழிற்கருவியாகிவிட்டது. ஆனால், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது ஒரு டொலரின் பெறுமதி சுமார் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 350 ரூபாவையும் தாண்டிச் சென்றதன் பின்னர், புதிய கணினி என்பது பல குடும்பங்களின் கைக்கு எட்டாத பொருளாயிற்று. எனவே, அலுவலகங்களில் சில ஆண்டுகள் பாவிக்கப்பட்டுக் கழிக்கப்பட்ட கணினிகளையே பலரும் நாடுகின்றனர்.

இவ்வாறு பாவித்த கணினி வாங்கச் செல்பவர் முதலிற் காண்பது பெட்டியின் முகப்பில் ஒட்டப்பட்டுள்ள சிறிய ஒட்டுப்பட்டையையே ஆகும். ‘கோர் ஐ5’ என்று அதில் எழுதியிருக்கும். அடுத்ததாக அவருக்குச் சொல்லப்படுவது, அது எத்தனை கிகா ஹேர்ட்ஸ் என்பதாகும். இவ்விரு விபரங்களை மட்டும் வைத்துக்கொண்டு தீர்மானம் எடுப்பது எவ்வளவு தவறான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும் என்பதை, ஒன்றுக்கொன்று மிகவும் நெருங்கிய இரண்டு புரொசசர்களை ஒப்பிட்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நாம் எடுத்துக்கொண்டவை இன்டெல் நிறுவனத்தின் கோர் ஐ5-7500, கோர் ஐ5-8400 ஆகிய இரண்டுமாகும். முன்னையது 2017 ஜனவரியிலும் பின்னையது அதே ஆண்டு ஒக்டோபரிலும் வெளிவந்தன. இரண்டும் 14 நனோமீற்றர் தொழில்நுட்பத்தில் உருவானவை. இரண்டினதும் வெப்ப வெளியீட்டு அளவு 65 வாற்று என்றே குறிக்கப்பட்டுள்ளது. இரண்டிலும் உள்ள காட்சிப் பகுதி ஏறக்குறைய ஒன்றே. வெளியான காலத்தில் அவற்றின் விலைகளும் சுமார் 10 டொலர் வித்தியாசத்திலேயே இருந்தன. சுருங்கக் கூறின், ஒரே வீட்டில் ஒரே ஆண்டிற் பிறந்த இரு பிள்ளைகள் போன்றவை இவை.

இனி எண்களைப் பார்ப்போம். ஐ5-7500இன் அடிப்படைக் கடிகார வேகம் 3.4 கிகா ஹேர்ட்ஸ்; தேவையேற்படும்போது அது 3.8 வரை உயரும். ஐ5-8400இன் அடிப்படை வேகமோ 2.8 கிகா ஹேர்ட்ஸ் மாத்திரமே. உச்ச வேகம் 4.0 ஆகும். விளம்பரப் பலகையில் அடிப்படை வேகத்தை மட்டும் எழுதி இரண்டையும் அருகருகே வைத்தால், எவரும் 3.4 என்று எழுதியுள்ளதையே தெரிவு செய்வர். ஆயினும், ஐ5-7500இல் இருப்பவை நான்கு கோர்கள். ஐ5-8400இல் இருப்பவை ஆறு. வேகமான சிறு நினைவகமாகிய பதுக்கு நினைவகம் முன்னையதில் 6 மெகாபைட், பின்னையதில் 9 மெகாபைட். வேலைப் பளு அதிகரிக்கும் இடங்களில் பின்னையதே முந்துகின்றது.

இது எவ்வாறு நிகழ்கின்றது? நமது துறைமுகத்தையே உதாரணமாகக் கொள்வோம். கப்பலொன்றில் வந்த அரிசி மூட்டைகளை நாட்டாமைத் தொழிலாளர்கள் தோளிற் சுமந்து களஞ்சியத்திற்குக் கொண்டுசெல்வதாக வைத்துக்கொள்வோம். ஒரு தொழிலாளி ஒரு நிமிடத்தில் எத்தனை அடி எடுத்து வைக்கிறார் என்பதே கடிகார வேகம். ஒவ்வொரு அடியிலும் எவ்வளவு வேலை முடிகின்றது என்பது புரொசசரின் உள்ளமைப்பைப் பொறுத்தது. எத்தனை தொழிலாளர்கள் வேலை செய்கின்றனர் என்பதே கோர்களின் எண்ணிக்கை. கையெட்டும் தூரத்தில் அடுக்கி வைக்கப்பட்டுள்ள மூட்டைகள் பதுக்கு நினைவகம். சற்றுத் தள்ளியிருக்கும் களஞ்சியம் ரெம் நினைவகம். லொறியில் ஏற்றி வரவேண்டிய தொலைதூரப் பண்டகசாலை வன்தட்டு. அடியின் வேகத்தை மட்டும் எண்ணிக்கொண்டு, ஆட்களின் எண்ணிக்கையையும் அவர்கள் சுமக்கும் பாரத்தையும் கவனியாது விட்டால், கப்பல் எப்போது காலியாகும் என்று எவராலும் கூற முடியாது.

நமது இரு புரொசசர்களிலும் கோர்களின் உள்ளமைப்பு ஏறக்குறைய ஒன்றே. ஆகவே ஒவ்வோர் அடியிலும் முடியும் வேலை சமமானது எனக் கொள்ளலாம். அடிப்படை வேகத்தில் ஐ5-7500இன் நான்கு கோர்களும் சேர்ந்து 13.6 என்ற அளவையும், ஐ5-8400இன் ஆறு கோர்களும் சேர்ந்து 16.8 என்ற அளவையும் தருகின்றன. வித்தியாசம் ஏறத்தாழ 24 வீதம். உச்ச வேகத்தை வைத்துப் பெருக்கினால், அது 15.2 எனவும் 24 எனவும் அமைந்து வித்தியாசம் 58 வீதமாகின்றது. எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் உச்ச வேகத்தில் ஓடுவதில்லை என்பதால், வீடியோத் தொகுப்புப் போன்ற கடும் வேலைகளில் உண்மையான நன்மை இவ்விரு எல்லைகளுக்கும் இடையிலேயே பெரும்பாலும் அமையும்.

ஆனால் எல்லா வேலைகளையும் பங்கிட்டுச் செய்ய முடியாது. இதனை 1967ஆம் ஆண்டிலேயே ஜீன் அம்டால் என்ற கணினிப் பொறியியலாளர் சுட்டிக்காட்டினார். ஒரு கோரிற்கு 10 நிமிடம் எடுக்கும் வேலையொன்றில் 4 நிமிடப் பகுதியை ஒருவர் மட்டுமே செய்ய முடியும், எஞ்சிய 6 நிமிடப் பகுதியைப் பங்கிடலாம் என வைத்துக்கொள்வோம். நான்கு கோர்கள் அப்பகுதியை ஒன்றரை நிமிடத்தில் முடிக்கும். மொத்தம் ஐந்தரை நிமிடம். ஆறு கோர்கள் அதனை ஒரு நிமிடத்தில் முடிக்கும். மொத்தம் ஐந்து நிமிடம். கோர்கள் 50 வீதம் அதிகரித்தும், மிச்சப்படும் நேரம் ஒரு பத்து வீதத்திற்கும் குறைவே. கடிதம் தட்டச்சுச் செய்வதும், கணக்குப் பதிவதும், இணையத்தில் வாசிப்பதும் பெரும்பாலும் இவ்வகை வேலைகளே. அத்தகைய வேலைகளில் இவ்விரு கணினிகளுக்கும் இடையிலான வேறுபாட்டைப் பாவனையாளர் உணர்வதே அரிது. 4.0இற்கும் 3.8இற்கும் இடையிலுள்ள வித்தியாசம் சுமார் 5 வீதம்தான்.

எனவே, ‘எது வேகமானது?’ என்ற கேள்விக்கு ஒற்றைச் சொல்லிற் பதில் இல்லை. ‘எந்த வேலைக்கு?’ என்ற மறுகேள்வியைக் கேட்காத ஒப்பீடு அரைகுறை ஒப்பீடே ஆகும்.

எண்களைக் கண்டு உலகம் ஏமாந்த வரலாறு புதியதன்று. 2000 நவம்பரில் இன்டெல் வெளியிட்ட பென்டியம் 4, 1.4, 1.5 கிகா ஹேர்ட்ஸ் என்ற அக்காலத்திற்குப் பெரிய எண்களுடன் வந்தது. ஆனால் அதன் உள்ளமைப்பு, ஒவ்வொரு கட்டளையையும் 20 சிறு கட்டங்களாகப் பிரித்துச் செய்வதாக அமைந்திருந்தது. கட்டங்கள் சிறியனவாக இருந்தமையால் கடிகாரத்தை விரைவாக ஓட்ட முடிந்தது; ஆனால் ஒவ்வொரு அடியிலும் முடிந்த வேலை குறைந்தது. குறைந்த கடிகார வேகமுடைய பழைய பென்டியம் 3இற்குக்கூட சில சோதனைகளில் அது பின்தங்கியது. போட்டி நிறுவனமான ஏ.எம்.டி., 2001 ஒக்டோபரில் அத்லொன் எக்ஸ்.பி. புரொசசர்களை வெளியிட்டபோது, கிகா ஹேர்ட்ஸ் எண்ணை முன்னிறுத்தாமல், 1.53 கிகா ஹேர்ட்ஸில் ஓடிய ஒன்றிற்கு ‘1800+’ எனப் பெயரிட்டது. மக்கள் எண்ணையே நம்புகின்றனர் என்பதால், இன்னோர் எண்ணைக் கொண்டே அதற்கு மருந்து தேட வேண்டியதாயிற்று. ஈற்றில் 2004 ஒக்டோபரில், 4 கிகா ஹேர்ட்ஸ் பென்டியம் 4 வெளியிடும் திட்டத்தை இன்டெல் கைவிட்டது. 2006இல் வந்த கோர் 2 டுவோ, குறைந்த கடிகார வேகத்துடனேயே பென்டியம் 4ஐ முந்தியது.

சோதனை முடிவுகளும் சர்ச்சைக்கு அப்பாற்பட்டவை அல்ல. பென்டியம் 4இன் முதற்றலைமுறையைச் சாதகமாகக் காட்டும் வகையில் அளவீட்டுச் சோதனைகள் கையாளப்பட்டன என்று ஐக்கிய அமெரிக்காவில் நுகர்வோர் தொடுத்த வழக்கு, நீண்ட காலத்தின் பின் 2014இல் இணக்கத்திற்கு வந்தது. தகுதியுடைய கொள்வனவாளர் ஒவ்வொருவருக்கும் 15 டொலர் வழங்க இன்டெல் உடன்பட்டது. எனினும், குற்றச்சாட்டை அது ஏற்றுக்கொள்ளவில்லை. மறுபக்கத்தில், 2011இல் ‘எட்டுக் கோர்’ என விற்கப்பட்ட ஏ.எம்.டி.யின் எப்.எக்ஸ். வரிசைப் புரொசசர்களில், ஈரிரு கோர்கள் முக்கிய பகுதிகளைப் பங்கிட்டுக்கொள்கின்றன, ஆகவே அவற்றை எட்டு என எண்ணுவது தவறு என்று தொடுக்கப்பட்ட வழக்கு, 2019இல் 121 இலட்சம் டொலர் இணக்கத்துடன் முடிவுற்றது. அந்நிறுவனமும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு நிறுவனம் நல்லது, மற்றது கெட்டது என்று நாம் கூறவரவில்லை. விற்பவர் தரும் எண்ணை வாங்குபவர் தாமே உரைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்விரு வழக்குகளும் புகட்டும் பாடம்.

இனி, இன்றைய நிலையில் வேகத்தையும்விட முக்கியமான ஒரு வேறுபாட்டைக் கருத்திற்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவடைந்தது. விரும்பிப் பதிவு செய்யும் வீட்டுப் பாவனையாளர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்களின் நீடிப்பு 2026 ஒக்டோபர் 13 வரையிலேயே அறிவிக்கப்பட்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, சில விதிவிலக்குகள் நீங்கலாக, இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்தே புரொசசர்களை ஏற்கின்றது. ஐ5-8400 அந்த அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் உண்டு, ஐ5-7500 இல்லை. ஒன்பது மாத இடைவெளியில் வெளிவந்த இரு பொருட்களுக்கு நடுவே, கத்தியால் வெட்டியது போன்று ஒரு கோடு விழுந்துள்ளது. குறுக்கு வழிகளால் பழைய புரொசசரிலும் விண்டோஸ் 11ஐ நிறுவிவிட முடியும். ஆனால் அவ்வாறு நிறுவப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொப்ட் வழங்கவில்லை. பாதுகாப்புத் திருத்தம் கிடைக்காத கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பது, கதவைத் திறந்து வைத்துவிட்டு உறங்குவதற்கு ஒப்பானது.

‘ஏழாம் தலைமுறையை வாங்கிவிட்டுப் பின்னர் புரொசசரை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே’ என்று சிலர் எண்ணக்கூடும். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒரே வகைக் குழியிற் பொருந்துவன போன்றே தோன்றும். ஆயினும் ஐ5-8400இற்கு அதற்கென வெளியான புதிய வரிசைத் தாய்ப்பலகை தேவை. பழைய பலகையில் அது இயங்காது. ஆகவே, இது பெட்டி முழுவதையும் சார்ந்த தீர்மானமாகும்.

அவ்வாறாயின் ஏழாம் தலைமுறைக் கணினிகள் அனைத்தும் குப்பைக்குச் செல்ல வேண்டியவையா? இல்லை. உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்கள் அவற்றில் இன்றும் செம்மையாக இயங்கும்; யுனிகோட் தமிழ்த் தட்டச்சும் அவற்றில் இயலும். உயர்தர மாணவர் பயிலும் பைதன் நிரலாக்கத்திற்கும், தரவுத்தளப் பயிற்சிக்கும், இணையப் பக்க வடிவமைப்பிற்கும் நான்கு கோர்கள் தாராளமாகப் போதும். விலையில் கணிசமான வேறுபாடு இருந்து, வாங்குபவர் லினக்ஸ் பழகவும் ஆயத்தமாக இருப்பின், ஐ5-7500 பொருத்தமான தெரிவே. விண்டோஸ்தான் வேண்டும் என்பவரும், வீடியோத் தொகுப்பு, பெரிய பட வேலை ஆகியவற்றைத் தொழிலாகச் செய்பவரும் ஐ5-8400ஐயோ அதற்குப் பிந்தியதையோ நாடுவதே உசிதமாகும். ஏழாம் தலைமுறைப் பெட்டியை எட்டாம் தலைமுறையின் விலைக்கு வாங்குவதற்கு மட்டும் எந்த நியாயமும் இல்லை.

இன்னொரு விடயத்தையும் நாம் வலியுறுத்த விரும்புகின்றோம். பழைய சுழலும் வன்தட்டுடன் கூடிய ஐ5-8400 கணினியைவிட, எஸ்.எஸ்.டி.யும் 8 கிகாபைட் ரெம்மும் கொண்ட ஐ5-7500 கணினி அன்றாடப் பாவனையில் விரைவாகத் தோன்றும். களஞ்சியத்திற்கு மூட்டை வந்து சேராவிடின், ஆறு தொழிலாளர்களும் கைகட்டி நிற்க வேண்டியதுதான். 4 கிகாபைட் மட்டுமே கொண்ட பெட்டியை வாங்குபவர், புரொசசருக்குக் கொடுத்த மேலதிகப் பணத்தின் பலனைப் பெரும்பாலும் காணமாட்டார்.

கடைக்குச் செல்வோர் கவனிக்க வேண்டியவற்றைச் சுருக்கமாகத் தருகின்றோம். முதலாவது, ‘ஐ5’ என்ற பெயர் 2009ஆம் ஆண்டிலிருந்து பல தலைமுறைகளுக்குச் சூட்டப்பட்டுள்ளது. 2011இல் வந்த ஐ5-2400உம் ஐ5தான். ஆகவே முழு இலக்கத்தையும் கேட்டறிய வேண்டும். நான்கு இலக்கமாயின் முதலாவது இலக்கமும், 10400 போன்ற ஐந்து இலக்கமாயின் முதலிரு இலக்கங்களும் தலைமுறையைக் குறிக்கும். இரண்டாவது, இலக்கத்தின் ஈற்றில் ‘ரீ’ என்ற ஆங்கில எழுத்து உள்ளதா எனப் பார்க்க வேண்டும். அது மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிக்கும் வகை. புத்தகம் போன்ற சிறிய பெட்டிகளில் அது வருவதுண்டு. ஐ5-8400ரீயின் அடிப்படை வேகம் 1.7, உச்ச வேகம் 3.3 கிகா ஹேர்ட்ஸ் மாத்திரமே. மூன்றாவது, ஒட்டுப்பட்டையை நம்பாது கணினியை இயக்கச் செய்து, விண்டோஸின் ‘டாஸ்க் மனேஜர்’ பகுதியில் புரொசசரின் பெயரையும், கோர்களின் எண்ணிக்கையையும், ரெம்மின் அளவையும் நேரிற் பார்க்க வேண்டும். பட்டையை எவரும் ஒட்டலாம்.

நான்காவது, இணையத்தில் வெளியாகும் ஒப்பீட்டுப் புள்ளிகளைப் பார்ப்பவர்கள், இரு கணினிகளிலும் ஒரே அளவு ரெம், ஒரே வகைத் தட்டு, ஒரே இயங்குதளம் இருந்தனவா என்பதையும், சோதனை எந்தத் திகதியில் நடந்தது என்பதையும் நோக்க வேண்டும். 2018 ஜனவரியில் ‘மெல்ட்டவுன்’, ‘ஸ்பெக்டர்’ என்ற பாதுகாப்புக் குறைபாடுகள் வெளியானபோது, அவற்றை அடைப்பதற்கு வந்த திருத்தங்கள் சில வகை வேலைகளின் வேகத்தைக் குறைத்தன. நாம் ஒப்பிடும் இரண்டும் அவற்றாற் பாதிக்கப்பட்டவையே. எனவே 2017இல் பெற்ற புள்ளியும் இன்று பெறும் புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. அனைத்திலும் சிறந்த சோதனை, தாம் அன்றாடம் செய்யும் வேலையை இரு கணினிகளிலும் மும்முறை செய்வித்து, கைக்கடிகாரத்தில் நேரம் பார்ப்பதாகும். அரை மணி நேரம் ஓடவிட்ட பின்னரும் ஒருமுறை பார்ப்பது நன்று. நமது பிரதேசத்தின் வெப்பத்தில், தூசி படிந்த விசிறியுடன் கூடிய பழைய பெட்டி சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளக்கூடும்.

ஐந்தாவதாக, முழு இலக்கமும் ரெம், தட்டு விபரங்களும் உத்தரவாதக் காலமும் எழுதப்பட்ட பற்றுச்சீட்டைக் கேட்டுப் பெறுவது அவசியமாகும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், வாங்குவோரைத் தவறாக வழிநடத்தும் வர்த்தக நடத்தையைத் தடை செய்கின்றது. ‘ஐ5’ என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு பின்னர் முறையிடுவதற்கு உதவாது. அளவையிலும் நிறுவையிலும் நேர்மை வேண்டும் என்பது எமது இரு சமூகங்களினதும் அறநெறியில் ஆழப் பதிந்த கட்டளை. அரிசி நிறுக்கும் தராசிற்குப் பொருந்தும் அந்நெறி, கோர்களை எண்ணும் கடைக்கும் பொருந்தும். நேர்மையான வியாபாரிகள் முழு விபரத்தையும் எழுதிக் கொடுக்கத் தயங்கமாட்டார்கள்.

தனியொரு குடும்பம் தவறான கணினியை வாங்கினால் இழப்பு ஒரு வீட்டோடு நின்றுவிடும். பழைய மாணவர் சங்கங்களும், பள்ளிவாசல் நிருவாக சபைகளும், ஆலய பரிபாலன சபைகளும், வெளிநாட்டிலுள்ள நலன்விரும்பிகளும் பாடசாலைகளுக்கென ஒரே தடவையில் பத்து, இருபது கணினிகளை வாங்கும்போது, ஓர் இலக்கத்தைக் கவனியாமை ஓர் ஆய்வுகூடத்தையே முடக்கிவிடும். நன்கொடையளிப்போரின் நல்லெண்ணம் மட்டும் பிள்ளைகளுக்குப் பயன் தராது. கணினி தெரிந்த ஆசிரியர் ஒருவரையேனும் கொள்வனவுக் குழுவிற் சேர்த்துக்கொண்டு, விலை கோரும் கடிதத்திலேயே புரொசசரின் முழு இலக்கம், ரெம்மின் அளவு, தட்டின் வகை, இயங்குதளம் ஆகியவற்றைக் குறிப்பிட்டுவிட்டால், இத்தகைய இழப்புகளிற் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கிழக்கின் பிள்ளைகள் தொழில்நுட்பக் கல்வியில் ஏனைய மாவட்டத்தவருடன் போட்டியிட வேண்டிய காலம் இது. அவர்களுக்கு விலையுயர்ந்த கருவிகளை வாங்கிக் கொடுக்க எல்லாப் பெற்றோராலும் இயலாது. கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவிற்கும் உரிய பெறுமதியைப் பெற்றுக்கொள்வதற்கோ பெருஞ் செல்வம் தேவையில்லை. பெட்டியின் முகப்பில் உள்ள எழுத்தோடு நின்றுவிடாமல், உள்ளே இருக்கும் இலக்கத்தைப் படித்தறியும் பொறுமையே அதற்குப் போதுமானது.